இணையத் தொலைபேசியும் நேரலையும் ஃபயர்வாலில் மாட்டிக்கொள்வது ஏன்? தோட்டப்புற இணைப்புகளுக்கான கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தோட்ட ஆபீஸ், செம்பனை ஆலை, கோவில், தமிழ்ப்பள்ளி, லயத்து வீடு என்று எல்லா இடத்திலும் இப்போது குரலும் படமும் இணையம் வழியாகவே ஓடுகின்றன. பழுது வந்தால் எல்லாரும் முதலில் சொல்வது "லைன் ஸ்லோ" என்பதுதான். பெரும்பாலும் லைன் நன்றாகவே இருக்கும். முகவரியோ நேரக்கணக்கோ பிசகியிருக்கும். கீழே உள்ளவை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையத் தெரிந்தவர்களுக்காக.

வலைப்பக்கம் எல்லாம் படபடவென்று திறக்கிறது. ஐபி போனில் மணியும் அடிக்கிறது. எடுத்தால் மட்டும் ஏன் சத்தமே இல்லை?

தோட்டத்து கேட்டில் நிற்கும் ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து போகும் லாரியின் எண்ணைக் குறித்துக்கொள்வார். அதே லாரி திரும்பி வந்தால் விடுவார். முன்பின் தெரியாத லாரி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். ஃபயர்வால் செய்வதும் இதுதான். வலைப்பக்கத்துக்கு இது போதும்: கேட்டதும் பதில் வருவதும் ஒரே வழியில்.

தொலைபேசி அழைப்பில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. மணியடிப்பது, எடுப்பது, வைப்பது எல்லாம் எஸ்ஐபி என்ற நெறிமுறையின் வேலை. வழக்கமாக 5060ஆம் போர்ட் (போர்ட் என்பது ஒரே முகவரியில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள வாசல் எண்), மறைகுறியாக்கம் செய்திருந்தால் 5061. குரலைச் சுமப்பது ஆர்டிபி. இதற்கு நிலையான போர்ட் கிடையாது. எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட்டுக்குக் குரலை அனுப்ப வேண்டும் என்பதை இரண்டு போன்களும் எஸ்ஐபி கடிதத்துக்கு உள்ளே எழுதிப் பரிமாறிக்கொள்கின்றன. ஜாகா உறையைப் பார்ப்பார், கடிதத்தைப் பிரித்துப் படிக்க மாட்டார். அதனால் குரல் லாரி வரும்போது அது அவருக்கு அந்நிய லாரி. மணி அடித்தும் சத்தம் வராததற்கு இதுவே காரணம்.

நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. என்ன செய்வது?

மிக அதிகமாக வரும் புகார் இது. உங்கள் போனுக்கு ரவுட்டர் கொடுத்திருப்பது 192.168.1.20 போன்ற உள்வீட்டு முகவரி. விவரம் புரியாத போன் அதையே கடிதத்தில் எழுதி, "குரலை இங்கே அனுப்புங்கள்" என்று சொல்லிவிடுகிறது. வெளியுலகில் அந்த முகவரிக்கு வழியே இல்லை. உங்கள் குரல் போய்ச் சேரும், அவர்கள் குரல் வழியிலேயே தொலையும்.

இந்த வரிசையில் பாருங்கள். முதலில் ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை அணையுங்கள் (அடுத்த கேள்வியில் விளக்கம் உண்டு). பிறகு போனின் அமைப்பில் 'நாட்' (உள்வீட்டு முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை) பகுதிக்குப் போய் ஸ்டன் சர்வரைப் போடுங்கள்; சேவை நிறுவனம் தந்த முகவரி இருந்தால் அதுவே நல்லது, போர்ட் 3478. போன் ஸ்டன் சர்வரிடம் "வெளியிலிருந்து பார்த்தால் நான் யார்?" என்று கேட்டு, வந்த பதிலைக் கடிதத்தில் எழுதும். 'ஆர்போர்ட்' என்ற தேர்வு இருந்தால் அதையும் இயக்குங்கள். அதற்கும் மசியவில்லையா? சேவை நிறுவனத்திடம் சமச்சீர் ஆர்டிபி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அது இருந்தால் அவர்களுடைய சர்வர் கடிதத்தில் எழுதியதை நம்பாது. உங்கள் குரல் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அங்கேயே பதில் குரலைத் திருப்பியனுப்பும். இது இருந்துவிட்டால் ஸ்டன்கூடத் தேவைப்படாது.

உறுதிசெய்ய வேண்டுமென்றால் வலைப் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் அழைப்பைப் பிடித்து, கடிதத்தில் 'சி' என்ற எழுத்தில் தொடங்கும் வரியைப் பாருங்கள். வெளியே போகும் கடிதத்தில் அங்கே 192.168 அல்லது 10 என்று தொடங்கும் எண் இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

எஸ்ஐபி ஏஎல்ஜி என்பது தொலைபேசிக்கு உதவும் வசதிதானே? ஏன் அணைக்கச் சொல்கிறீர்கள்?

நோக்கம் நல்லதுதான். கடிதத்தைப் பிரித்து, உள்வீட்டு முகவரியை அழித்து, வெளி முகவரியை எழுதி, குரல் வரப்போகும் போர்ட்டையும் தயாராகத் திறந்து வைப்பது இதன் வேலை. நடைமுறையில் மலிவு ரவுட்டர்களில் இது அரைகுறையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு இடத்தில் முகவரியை மாற்றும், இன்னொரு இடத்தில் விட்டுவிடும். போன் ஏற்கெனவே ஸ்டன் மூலம் சரியாக எழுதிய முகவரியைத் திரும்பவும் மாற்றிக் கெடுக்கும். இரண்டு பேர் ஒரே கணக்கைத் திருத்தினால் என்ன ஆகும் என்று கிராணி வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய சேவை நிறுவனங்கள் நாட் சிக்கலைத் தங்கள் பக்கத்திலேயே சமாளித்துவிடுகின்றன. 5061 வழியாக மறைகுறியாக்கத்துடன் போகும் கடிதத்தை ஏஎல்ஜியால் படிக்கவே முடியாது. ஆகவே பத்துக்கு ஒன்பது இடங்களில் அணைத்துவிடுவதே சரி. மிக்ரோடிக்கில் ஃபயர்வால் பக்கத்தில் 'சர்வீஸ் போர்ட்ஸ்' பட்டியலில் எஸ்ஐபி இருக்கும்; வீட்டு ரவுட்டர்களில் நாட், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று ஏதாவது ஒரு பக்கத்தில் ஒளிந்திருக்கும். அணைத்த பிறகு ரவுட்டரையும் போனையும் நிறுத்தித் திரும்பப் போடுங்கள். பழைய பதிவுகள் நினைவகத்தில் இருக்கும்வரை மாற்றம் தெரியாது. "அணைத்தோம், பயனில்லை" என்று கைவிடுபவர்களில் பலர் இந்த ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

பேசிக்கொண்டே இருக்கும்போது தானாக வெட்டிக்கொள்கிறது.

எத்தனையாவது வினாடியில் வெட்டுகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். மூன்று அழைப்பை அளந்தால் போதும். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 32 வினாடியில் வெட்டினால், எடுத்ததற்கான ஒப்புகை திரும்பிப் போகவில்லை. எஸ்ஐபி விதிப்படி (ஆர்எஃப்சி 3261, 2002) போனை எடுத்தவர் பக்கம் 'எடுத்துவிட்டேன்' என்று சொல்லி ஒப்புகைக்குக் காத்திருக்கும். வராவிட்டால் திரும்பத் திரும்பச் சொல்லும். அடிப்படை நேரமான அரை வினாடியின் 64 மடங்கு, அதாவது 32 வினாடி கழிந்ததும் கைவிட்டு வெட்டிவிடும். கடிதத்தின் 'தொடர்பு' வரியில் உள்வீட்டு முகவரி இருப்பதே இதற்கு வழக்கமான காரணம். குரல் அதுவரை நன்றாகக் கேட்டிருக்கும், அதனால்தான் பலர் இதை லைன் கோளாறு என்று நினைக்கிறார்கள்.

சரியாக 15 நிமிடத்திலோ 30 நிமிடத்துக்குச் சற்று முன்போ வெட்டினால் அது அமர்வு நேரம். 'இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்களா?' என்று சர்வர் இடையிடையே சரிபார்க்கும். பொதுவான அளவு 1800 வினாடி, அதன் பாதியில் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்புக் கடிதத்தை ஃபயர்வால் தடுத்தால் அழைப்பு முடிந்தது. வழியைத் திறந்து வைக்கும் சின்னப் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) இயக்கினால் பெரும்பாலும் சரியாகும். அதுதான் அடுத்த பதில்.

முன்பின் இல்லாமல் கண்ட நேரத்தில் வெட்டினால் வைஃபையையும் கம்பியையும் சந்தேகியுங்கள்.

நாங்கள் கூப்பிட்டால் போகிறது. வெளியிலிருந்து கூப்பிடுபவர்களுக்குச் சில நேரம் மணியே அடிப்பதில்லை.

போன் சும்மா இருக்கும்போது ஜாகா தன் குறிப்பேட்டிலிருந்து அதன் பெயரை அடித்துவிடுகிறார். லினக்ஸில் இயங்கும் ரவுட்டர்களில் பதில் வராத யூடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) பதிவு 30 வினாடியில் அழியும். இருபக்கமும் போக்குவரத்து இருந்தால் 120 அல்லது 180 வினாடி தாங்கும். போனோ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டுமே சர்வரில் பதிவு செய்துகொள்கிறது என்றால், நடுவில் 57 நிமிடம் வாசல் மூடியே கிடக்கிறது.

போனில் 'கீப் அலைவ்' என்று ஒரு தேர்வு இருக்கும். 25 வினாடி என்று வையுங்கள். அது இல்லாத போனில் பதிவுக் காலத்தை 3600லிருந்து 60 அல்லது 90 ஆகக் குறைக்கலாம். சில நிறுவனங்கள் அவ்வளவு குறைவாக விடாது. ரவுட்டரில் யூடிபி நேரத்தை 300 வினாடியாக உயர்த்துவதும் நல்லது.

அப்படியென்றால் 5060 போர்ட்டை உள்ளே திறந்துவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீருமே?

வேண்டாம். 5060 திறந்திருக்கும் முகவரிகளைத் தேடி இணையம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் மென்பொருள்கள் இரவு பகலாக ஓடுகின்றன. திறந்தவுடனேயே பதிவேட்டில் தெரியாத முகவரிகள் 100, 101, 1000 என்று உள் எண்களை முயன்று பார்ப்பதைக் காணலாம். கடவுச்சொல் எளிதாக இருந்தால், இரவில் ஆபீஸ் பூட்டிய பிறகு உங்கள் கணக்கிலிருந்து கட்டணம் அதிகமுள்ள வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் போகும். பில் வந்த பிறகுதான் தெரியும். காரணமே இல்லாமல் நள்ளிரவில் போன் அடித்து, எடுத்தால் யாரும் இல்லை என்றால் அதுவும் இந்தத் தட்டல்தான்.

உள்ளே ஐபி போன் மட்டும் இருந்தால் எந்தப் போர்ட்டையும் திறக்கத் தேவையில்லை. போன் வெளியே போய்ப் பதிவு செய்துகொண்டால் போதும். ஆபீஸுக்குள்ளேயே ஆஸ்டரிஸ்க் போன்ற தொலைபேசி சர்வர் வைத்திருந்தால், சேவை நிறுவனத்தின் ஐபி முகவரிகளுக்கு மட்டும் 5060ஐத் திறவுங்கள். குரலுக்கு ஆஸ்டரிஸ்க் இயல்பாக 10000 முதல் 20000 வரை எடுத்துக்கொள்ளும். அழைப்பின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு போர்ட் என்பதால், ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசும் ஆபீஸுக்கு 10000 முதல் 10100 வரை தாராளம். சர்வர் அமைப்பிலும் ஃபயர்வாலிலும் ஒரே எல்லையைப் போடுங்கள். ஒன்றில் மட்டும் சுருக்கினால் பாதி அழைப்பு ஊமையாகும். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லையென்றால் சேவை நிறுவனத்திடமே அடைக்கச் சொல்லிவிடுங்கள்.

வெளியே பேசினால் நன்றாக இருக்கிறது. ஆபீஸிலிருந்து எடைமேடைக்குப் பேசினால் மட்டும் சத்தம் இல்லை!

இரண்டு போனும் ஒரே ரவுட்டருக்குப் பின்னால் இருக்கின்றன, சர்வரோ வெளியே. இரண்டும் ஒன்றுக்கொன்று வெளி முகவரியைக் கொடுத்துக்கொள்கின்றன. ஆகவே குரல் கேட்டைத் தாண்டி வெளியே போய் அதே கேட் வழியாக உள்ளே திரும்ப வேண்டும். இந்த வளைந்து திரும்பும் வேலையைப் பல ரவுட்டர்கள் செய்வதில்லை. 'ஹேர்பின் நாட்' என்ற தேர்வு இருந்தால் இயக்குங்கள், இல்லையென்றால் குரலைத் தங்கள் சர்வர் வழியாகவே கடத்தும்படி சேவை நிறுவனத்திடம் சொல்லுங்கள்.

தலைமையகத்தோடு விபிஎன் (இணையத்துக்குள் தனி மறைவழி) போட்டபிறகு சில போன்களில் மட்டும் அழைப்பே போகவில்லை.

கடிதம் பெரிதாகிவிட்டது. வீடியோவும் பல கோடெக்குகளும் (குரலையும் படத்தையும் தரவாக மாற்றும் முறைகள்) உள்ள போனின் எஸ்ஐபி கடிதம் 1300 பைட்டைத் தாண்டும். ஃபைபர் இணைப்பில் பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறை இருந்தால் பாக்கெட்டின் எல்லை 1492 பைட். விபிஎன் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தின்னும். யூடிபியில் பெரிய கடிதம் துண்டாக உடைந்து போகும், துண்டுகளைப் பல ஃபயர்வால்கள் சந்தேகித்துக் கீழே போட்டுவிடும். தேவையில்லாத கோடெக்குகளை நீக்கி ஜி.711ஐயும் ஓபஸையும் மட்டும் வையுங்கள், அல்லது எஸ்ஐபியை, தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் டிசிபி முறைக்கு மாற்றுங்கள்.

எங்கள் தோட்டத்தில் ஃபைபர் இல்லை, சிம் ரவுட்டர்தான். ஐபி போன் வேலை செய்யுமா?

செய்யும். ஆனால் வெளியிலிருந்து உள்ளே வரும் எந்தப் போர்ட்டையும் உங்களால் திறக்க முடியாது. கைப்பேசி நிறுவனங்கள் பொதுவாக ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகின்றன. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலோ, 10 என்றோ தொடங்கினால் நீங்கள் அந்தப் பங்கில் இருக்கிறீர்கள். 100.64.0.0 என்ற தொகுதியை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். ஸ்டார்லிங்கின் சாதாரணத் திட்டமும் இப்படித்தான்.

இங்கே போனை டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்க வழியில், 5061இல் பதியவைப்பது நல்லது. அது டிசிபியின் மேல் ஓடுகிறது; டிசிபி பதிவு யூடிபியைவிட நீண்ட நேரம் தாங்கும். ஃபைபர் இருந்தும் நிறுவனத்தின் மோடத்துக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றை மாட்டியவர்களுக்கும் இரட்டை நாட் என்ற இதே தலைவலி உண்டு. மோடத்தை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றினால் ஒரு ஜாகா குறைவார்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) இது எதுவும் செய்யாமலேயே சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளையோடு பேச முடிகிறதே?

புலனம், கூகுள் மீட் போன்றவை தடையை எதிர்பார்த்தே கட்டப்பட்டவை. முதலில் இரண்டு முனையும் ஸ்டன் மூலம் தங்கள் வெளி முகவரியைத் தெரிந்துகொண்டு, ஒரே நேரத்தில் ஒன்றையொன்று தட்டும். இரு பக்க ஜாகாவும் "உள்ளேயிருந்துதான் முதலில் போனது" என்று நினைத்து வழிவிடுவார்கள். அது பலிக்காவிட்டால் டர்ன் என்ற நடுச் சர்வர் வழியாகக் குரல் போகும். எல்லா வழியையும் முயன்று நல்லதைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு ஐஸ் என்று பெயர். நடுச் சர்வர் வழியாகப் போனால் தாமதம் சற்றுக் கூடும், அவ்வளவுதான். துபாயில் இருப்பவரோடு புலனத்தில் பேச முடியவில்லையென்றால் உங்கள் ரவுட்டரை நோண்ட வேண்டாம்; தடை அந்த நாட்டின் வலையில் இருக்கிறது.

பள்ளியில் கூகுள் மீட் படம் உறைந்து, பிறகு குரல் மொத்தமாகக் கொட்டுகிறது.

பள்ளி ஃபயர்வால் வெளியே போகும் யூடிபியை அடைத்திருக்கும். மீட் வேறு வழியில்லாமல் டிசிபி 443க்கு இறங்கிவிட்டது. டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது திரும்ப வரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் வரிசையில் நிற்கும். கோப்புக்கு அது சரி. பேச்சுக்கு, தொலைந்த அந்த நொடியை விட்டுவிட்டு முன்னே போவதே மேல்.

வெளியே போகும் திசையில் மட்டும் இவற்றைத் திறவுங்கள்: மீட்டுக்கு யூடிபி 3478, 19302 முதல் 19309 வரை, ஜூமுக்கு யூடிபி 8801 முதல் 8810 வரை, டீம்ஸுக்கு யூடிபி 3478 முதல் 3481 வரை. மறைகுறியாக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வு இருந்தால் இந்தச் சேவைகளுக்கு விலக்குக் கொடுங்கள். பிள்ளைகள் வடிகட்டியைத் தாண்டி வலையொளி (யூடியூப்) பார்ப்பது கவலையென்றால் யூடிபி 443ஐ மட்டும் அடையுங்கள். அது க்விக் என்ற நெறிமுறையின் வழி. அடைத்தால் உலாவி தானாக டிசிபிக்குத் திரும்பும், வடிகட்டிக்குக் கண் தெரியும்.

மாலையில் மட்டும் குரல் விட்டுவிட்டு வருகிறது.

ஜி.711 அழைப்பு ஒன்றுக்கு ஒரு திசையில் ஏறக்குறைய 87 கிலோபிட். குரலுக்கு 64, 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் என்பதால் மீதி உறைச் செலவு. ஐந்து பேர் பேசினாலும் அரை மெகாபிட் ஆகாது. ஆகவே குறை வேகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. யாரோ கேமரா பதிவையோ கல்யாண வீடியோவையோ மேலேற்றும்போது ரவுட்டரின் வரிசை நிரம்பி, குரல் பாக்கெட் அதன் பின்னால் காத்துக் கிடக்கிறது. ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியு என்ற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரை.

ரவுட்டரில் எஃப்க்யூ கோடல் அல்லது கேக் என்ற வரிசை மேலாண்மை வசதி இருந்தால் இயக்கி, மேலேற்ற வேகத்தை அளந்த அளவில் 85 முதல் 90 விழுக்காடு என்று கட்டிப் போடுங்கள். வரிசை அப்போது உங்கள் கட்டுப்பாட்டுக்கு வரும். குரலுக்கு 46 என்ற முன்னுரிமைக் குறியையும் போடலாம், ஆனால் அது உங்கள் கேட் வரைதான். வெளி இணையத்தில் யாரும் மதிப்பதில்லை. சிம் ரவுட்டரில் கோபுரத்தின் நெரிசலே காரணமாக இருந்தால் இதில் எதுவும் அதிகம் உதவாது.

கோவில் திருவிழாவை நேரலை விட வேண்டும். எதைத் திறக்க வேண்டும்?

உள்ளே வருவதற்கு ஒன்றும் வேண்டாம். வலையொளிக்கு ஆர்டிஎம்பி (நேரலையை அனுப்பும் நெறிமுறை), டிசிபி 1935 வெளியே போக வேண்டும். அது அடைபட்டிருந்தால் அதன் மறைகுறியாக்க வடிவமான ஆர்டிஎம்பிஎஸ், 443. முகநூல் ஆர்டிஎம்பிஎஸ்ஸையே கேட்கும். 720 தரத்துக்கு 3 மெகாபிட் வைத்தால், மேலேற்றத்தில் 5 மெகாபிட்டாவது நிலையாகக் கிடைக்க வேண்டும். கூட்டம் கூடுவதற்கு முன் காலையில் அளந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தேர் புறப்படும் நேரத்தில் எல்லாக் கைப்பேசியும் அதே கோபுரத்தைத்தான் பிடிக்கும். முடிந்தால் கம்பி இணைப்பு.

மின்னல் வானொலியை இணையத்தில் கேட்பது, படம் பார்ப்பது போன்றவை பெரும்பாலும் 443 வழியாகச் சிறு சிறு துண்டுகளாக வருவதால் ஃபயர்வாலுக்கு வலைப்பக்கம் போலத்தான்.

கேமராவின் ஆர்டிஎஸ்பி (படத்தை வரவழைக்கும் நெறிமுறை) இணைப்பு உள்ளே ஓடுகிறது, வெளியிலிருந்து கறுப்புத் திரை.

எஸ்ஐபி போன்ற கதையே. கட்டளை 554இல், படம் வேறு யூடிபி போர்ட்டில். பார்க்கும் மென்பொருளில் 'டிசிபி வழி' என்று தேர்ந்தெடுத்தால் படமும் 554க்குள்ளேயே வந்துவிடும். ஆனால் 554ஐ உலகத்துக்குத் திறக்காதீர்கள். கேமரா மென்பொருள் ஓட்டைகள் நிறைந்தது. விபிஎன் வழியாக உள்ளே வந்து பாருங்கள்.

டிவி பெட்டியில் அலைவரிசை நான்கு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது.

நடுவில் உள்ள சுவிட்சில் ஐஜிஎம்பி கண்காணிப்பு (எந்தப் பெட்டி எந்த அலைவரிசையைப் பார்க்கிறது என்று கவனிக்கும் வசதி) இயங்குகிறது, ஆனால் "யார் இன்னும் பார்க்கிறீர்கள்?" என்று கேட்க ஆள் இல்லை. கேள்வி வராததால் பெட்டி பதில் சொல்வதில்லை. 260 வினாடியில் சுவிட்ச் அதை நீக்கிவிடும். ரவுட்டரில் ஐஜிஎம்பி ப்ராக்சியை இயக்குங்கள், அல்லது சுவிட்சிலேயே 'குவரியர்' தேர்வைப் போடுங்கள். சொந்த ரவுட்டர் மாட்டிய யூனிஃபை வீடுகளில் விலான் எண்ணையும் (ஒரே கம்பியில் வலைகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் எண்) பாருங்கள்: இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600.

மின்சாரம் போனால் ஐபி போனில் 999 அழைக்கலாமா?

மோடம், ரவுட்டர், போன் மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்று அணைந்தாலும் அழைப்பு இல்லை. 12 வோல்ட் சிறு யூபிஎஸ் மோடத்தையும் ரவுட்டரையும் சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் இரண்டின் அடாப்டரிலும் எழுதியிருக்கும் ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். ஆலை மருந்தகம் போன்ற இடங்களில் சார்ஜ் உள்ள கைப்பேசி ஒன்று தனியாக இருக்கட்டும். இடி மின்னலின்போது கட்டடத்துக்குக் கட்டடம் இழுத்த செம்புக் கம்பியே போனையும் சுவிட்சையும் பொசுக்கும். ஆபீஸுக்கும் எடைமேடைக்கும் நடுவில் ஃபைபர் போடுவது நல்லது.